அத்தைக்கு மணியடித்த கம்ப்யூட்டர்

இதை எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியான இரண்டு பேர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். இருவரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் சிரிக்கிறார், இன்னொருவர் கடை திறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார். நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன். மாமா சொன்னது பத்து வயதில் எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் அது என்னுடையது, மாமாவுடையது அல்ல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அறந்தாங்கியில் அப்பாவுக்கு உரக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் யூரியா மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, தரையை மூன்று முறை கழுவிவிட்டு, மாமா ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வல்லத்திராக்கோட்டைக்காரர். டிப்ளமோ முடித்துத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பழையது என்று ஒதுக்கிய ஒன்றைக் கேட்டு வாங்கி, மானிட்டரை மடியிலும் பெட்டியைப் பக்கத்து சீட்டிலும் வைத்து, பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த அறைக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது என்று சட்டம் போட்டார். தன்னுடைய கடையின் பின்னறைக்கு அப்பா தானே செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அப்பா அதை லேசில் மறக்கவில்லை.

அப்பாவுக்கு மாமாவை சவூதிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று எண்ணம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் போயிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து முப்பத்தைந்து பேரைச் சேர்த்திருந்தார். எல்லாருக்கும் இங்கிலீஷில் பயோடேட்டா அடித்து, மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கையில் கொடுக்க வேண்டும். அப்பா அந்த வேலையை மாமாவிடம் கொடுத்தார்.

“இந்தப் பொட்டியிலேர்ந்து ஒரு வேலையைப் பெழை இல்லாம முடிச்சுக் காட்டுங்க மாப்ள. முடிச்சா நீங்க இங்கினயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு பெழை வந்தாலும் முப்பத்தாறாவதா ஒங்க பேரும் போயிரும்.”

மாமாவின் பயோடேட்டாவையும் சேர்த்தே அடித்து வைத்துவிட வேண்டும். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குத் தான் பார்த்துக்கொள்வதாக அப்பா சொன்னார். மாமா போய்விட்டால் எனக்கு சைக்கிளின் முன்கம்பி இல்லை, கம்ப்யூட்டரில் பாம்பு விளையாட்டு இல்லை. அன்றைக்கே பிள்ளையார் கோயிலுக்குப் போய், பிழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

மாமா இரண்டு விரலால் அடிப்பவர். அவர் அடித்தால் முப்பத்தாறு தாளுக்கு மூன்று மாதம் ஆகும். வேகமாக அடிக்க எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்தது. அத்தை. அப்பாவின் தங்கை. டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முடித்து, ஓர் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து மிஷின் ஒன்றாக ஓடும்போது, கண்ணை மூடிக்கொண்டு, நாலாவது மிஷினில் தப்பு என்று சொல்வார். அம்மா போய்க் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அத்தையும் மாமாவும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. முறைக்காரர்கள் கேலி பேசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். இவர்கள் இருவருக்கும் அது வராது. எனக்கு இருக்கும் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், இரண்டு பக்கமும் கையைக் காட்டலாம். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, “ஒங்க மாமாகிட்ட சொல்லு” என்பார் அத்தை. மாமா காதில் அது விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திரும்பி நின்று சொன்ன பிறகுதான், “ஒங்க அத்தைகிட்ட கேளு” என்று ஆரம்பிப்பார். நானும் வரி விடாமல் சொல்வேன்.

முதல் நாள் அத்தை உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அடித்தார். ஒரு வரிக்கு ஏழு பிழை. எழுந்துவிட்டார். என்ன குறை என்று மாமா என் மூலமாகக் கேட்டார்.

“சத்தமே இல்லை. எழுத்து விழுந்துச்சா விழுகலையான்னு வெரலுக்கு எப்படித் தெரியும்? வரி முடியப் போறப்ப மணியும் அடிக்கலை. ஊமைகூட ஒக்காந்த மாதிரி இருக்குன்னு சொல்லு.”

நான் சொன்னேன். மாமாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அடுத்த நிமிஷம், திருச்சியில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நான் என்ன செய்கிறீர்கள் என்று நச்சரித்ததால் சொன்னார். நீ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அம்மா கூப்பிட்டு மல்லித்தழை வாங்கிவா என்கிறார். பென்சிலை விட்ட இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாய், வாங்கிக் கொடுக்கிறாய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போடுகிறாய். ஒவ்வொரு கீயை அமுக்கும்போதும் கம்ப்யூட்டர் இதைத்தான் செய்கிறது. அதற்கு இன்டரப்ட் என்று பெயர். யார் கூப்பிட்டால் எங்கே ஓட வேண்டும் என்று உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது. கீபோர்டுக்கு அதில் ஒன்பதாம் நம்பர். ஒன்பதுக்கு நேராக இருக்கும் விலாசத்தை அழித்துவிட்டு மாமா தன்னுடைய விலாசத்தை எழுதப் போகிறார். கம்ப்யூட்டர் முதலில் இங்கே ஓடிவரும், ஒரு சத்தம் போடும், பிறகு பழைய விலாசத்துக்குப் போய்ப் பழைய வேலையைப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்கு வரும் கடிதத்தை நாம் வாங்கிப் படித்துவிட்டு, ஒட்டி, கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி.

காபி கொண்டுவந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, அது நல்ல பழக்கம் இல்லையே தம்பி என்றார்.

இரண்டு நாளில் சத்தம் வந்தது. ஆனால் இரட்டை இரட்டையாக வந்தது. கீயை அமுக்கினால் ஒரு டக், விரலை எடுத்தால் இன்னொரு டக். கீபோர்டு அமுக்கியதையும் சொல்லுமாம், எடுத்ததையும் சொல்லுமாம். எடுத்ததற்கு மட்டும் நம்பரோடு நூற்றிருபத்தெட்டைக் கூட்டிச் சொல்லுமாம். மாமா அதைப் பிரிக்க மறந்துவிட்டார். அத்தை நாலு எழுத்து அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என் வெரலு நொண்டலைன்னு ஒங்க மாமாகிட்ட சொல்லு.”

நான் சொன்னேன். மாமா சிரித்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதைச் சரிசெய்ததும் வேறொன்று கிளம்பியது. எழுத்துகள் காணாமல் போயின. மாமா இரண்டு விரலால் அடித்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அத்தை அடித்தால் மட்டும் வார்த்தைக்கு இரண்டு எழுத்து குறையும். மாமா ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார். அவர் போட்ட டக் கொஞ்சம் நீளம். அது முடிவதற்குள் அத்தை அடுத்த இரண்டு எழுத்தை அடித்துவிடுகிறார், அவற்றை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அத்தையின் வேகத்தை அன்றைக்குத்தான் மாமா சரியாகத் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். புரோகிராம் எழுத்தைத் தின்னுகிறது என்று நான் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா காதில் விழப்போகிறது என்று அம்மா என் வாயைப் பொத்தினார்.

மாமா டக்கைக் குட்டையாக்கினார். அறுபத்தைந்தாவது எழுத்தில் கணீரென்று ஒரு மணியும் வைத்தார். அத்தை வந்து உட்கார்ந்தார். டக் டக்கென்று ஆரம்பித்தது வேகம் பிடித்தது. அத்தையின் முதுகு நிமிர்ந்தது, கண் திரையை விட்டு, பார்த்து அடிக்க வேண்டிய காப்பித் தாளுக்குப் போனது. மாமா மூச்சுவிடாமல் நின்றார். மணி அடித்தது. அடித்த அந்த நொடியில் அத்தையின் இடது கை தானாக மேலே எழுந்து, டைப்ரைட்டரில் கேரேஜைத் தள்ளுகிற மாதிரி வலது பக்கம் வீசியது. மானிட்டரின் கன்னத்தில் ஓர் அறை.

மானிட்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா மானிட்டரை நேராக்கிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று அத்தையிடம் சொல்லச் சொன்னார். அத்தை மறுபடி அடித்தார், மறுபடி அறை. எட்டு வருஷப் பழக்கம், சொன்னால் கை கேட்குமா? வரி முடிந்தால் வலது சுண்டுவிரலால் ஒரு கீயை அமுக்கினால் போதும் என்று அத்தைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

அத்தைதான் பழகிக்கொள்ள வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கலாம். நாள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பழைய கீபோர்டில் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாகப் பத்து கீ தனியாக இருக்கும். கையை இன்னும் கொஞ்சம் கீழே வீசினால் அவற்றின் மேல்தான் படும். அந்தப் பத்தில் எது பட்டாலும் வரி மாற வேண்டும் என்று மாமா புரோகிராமை மாற்றினார். முதலில், ஒரு தடவை கை பட்டதும் எல்லாம் கல்லாக நின்றுவிட்டது. பழைய விலாசத்துக்கு அனுப்பாமல் தானே வேலையைப் பார்த்துக்கொண்டால், முடிந்தது என்று உள்ளே தகவல் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அடுத்த அழைப்பு வாசலிலேயே நிற்குமாம். தகவல் சொல்ல வைத்தார். பிறகு, கை ஒரு வீச்சில் நாலைந்து கீயை உரசியதால் ஐந்து வரி வெறுமையாக ஓடியது. ஒன்று பட்டால் அரை நொடிக்கு மற்றவற்றைக் கண்டுகொள்ளாதே என்று எழுதினார்.

அதன்பிறகு அத்தை அடித்ததைப் பார்க்க வேண்டுமே. கடையில் உரம் வாங்க வந்தவர்கள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே பின்னறை வாசலில் நிற்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. டக்டக்டக், கணீர், இடது கை ஒரு வீச்சு. மாமா சில நாள் வேலை எதுவும் இல்லாமலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கும் வேலை இருந்தது. பிரிண்டரிலிருந்து வரும் தாளின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நாடாவைக் கிழித்து எடுக்க வேண்டும்.

இன்னொரு வேலை, கேட்டு வருவது. இன்ஸ்டிடியூட்டில் அத்தை பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம், காப்பியில் இருப்பதைத்தான் அடிக்க வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்பது. கையால் எழுதிக் கொடுத்த தாளில் யாராவது ஓர் இடத்தை விட்டிருந்தால் தானாக நிரப்பமாட்டார். என்னை அனுப்பிக் கேட்கச் சொல்வார். கடைத்தெருவில் சலூன் வைத்திருந்த ஒருவர், கல்யாணம் ஆனவரா என்ற இடத்தை விட்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கேட்டேன். பாதி முகத்தில் சோப்போடு இருந்த ஆளைக் காக்க வைத்துவிட்டு, ரெண்டு புள்ளை இருக்குன்னு சொல்லு பாப்பா என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசித் தாளும் வந்துவிட்டது. கடைசி, மாமாவுடையது. அத்தை அதை அடிக்கும்போது மட்டும் மெதுவாக அடித்த மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்தேன். நாடாவைக் கிழிக்கும்போது பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் கூட்டிக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் முப்பத்தைந்து தாளைப் பார்த்ததில் எந்த இடத்தில் என்ன வரும் என்று மனப்பாடம். கல்யாண வரியில் இரண்டு புள்ளிக்கு அப்புறம் மேரீட் என்று இருக்கும், அல்லது சிங்கிள் என்று இருக்கும். மாமாவின் தாளில் இரண்டு புள்ளிக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

புரோகிராம் தின்றுவிட்டது. முப்பத்தைந்து தாளில் ஒழுங்காக இருந்துவிட்டு, முப்பத்தாறாவதில், அதுவும் மாமாவின் தாளில். அப்பா பார்த்தால் பிழை என்பார். மாமா சவூதிக்குப் போய்விடுவார். கரண்ட் போய்விட்டது, மறுபடி அடித்து எடுக்கவும் வழியில்லை. மாமாவிடம் சொன்னால் வருத்தப்படுவார். நான் அந்தத் தாளை நாலாக மடித்து சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பின்னறையில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையெழுத்துத் தாளையும் அடித்த தாளையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிழை இல்லை. பத்தாவது தாளிலேயே அவருடைய முகம் இளகிவிட்டது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் முப்பத்தைந்தையும் பார்த்தார்.

“மாப்ளயோடது எங்க?”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் தேடினார்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். போய்ப் புத்தகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். மாமாவின் புரோகிராம் ஒரு வார்த்தையைத் தின்றுவிட்டது, இது ஒன்றுதான், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, மாமாவை அனுப்பாதீர்கள் என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன்.

அப்பா மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். நான் விரலால் இடத்தைக் காட்டினேன்.

“என்ன மாப்ள, தின்னுருச்சா?”

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். தின்றுவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் தோல்விதான். ஆனால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். மாமாவுக்கு அந்தப் புரோகிராமைப் பற்றிப் பொய் சொல்ல வரவில்லை.

“தின்னலை அத்தான். தின்னா ஒரு எழுத்து ரெண்டெழுத்துதான் போகும். இது அடிக்கவே இல்லை.”

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றார். “காப்பியில இல்லண்ணே” என்று மட்டும் சொன்னார்.

அப்பா மாமாவின் கையெழுத்துத் தாளை எடுத்தார். பெயர், ஊர், படிப்பு எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தது. கல்யாண வரியில் மட்டும் இரண்டு புள்ளி வைத்து, அப்படியே விட்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். எனக்கோ அழுகை நின்று, இப்போது கோபம் வந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா மாமா போக வேண்டும்?

“சலூன்காரர் விட்டிருந்தப்ப என்னய அனுப்பிக் கேட்டியள்ல அத்தை? மாமா பக்கத்துலதான இருந்தாக. அவுகளுக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஒங்களுக்குத் தெரியாதா? என்னய ஒரு வார்த்தை கேக்கச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்ல?”

முதலில் அம்மாதான் சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யூரியா மூட்டையின் மேல் உட்கார்ந்து சிரித்தார். அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மாமா கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அந்தத் தாளை நான் மடித்திருந்தபடியே மடித்து, தன் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்.

“வல்லத்திராக்கோட்டைக்கு ஆள் சொல்லிவிடு. ஒங்கப்பாவை ஒரு நல்ல நாளாப் பாத்து இங்கிட்டு வந்துட்டுப் போகச் சொல்லு.”

அவ்வளவுதான். எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. ஒரு வார்த்தை விட்டுப்போனதற்குத் தாத்தாவை வரவழைத்து மாமாவைத் திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். தாத்தா கோபக்காரர். மாமாவானால் கொஞ்சமும் பயமில்லாமல், வாயை மூடமுடியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. மூன்று வாரமாக அவர்கள் இருவருக்கும் இடையில் எல்லாப் பேச்சையும் நான்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றுமே நடந்திருக்க முடியாது என்று உறுதியாக நம்பினேன். தாத்தா வந்ததும் மாமாவுக்காக என்னென்ன பேசுவது என்று அன்று முழுக்க யோசித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தேன். பின்னறை வாசலில் மாமாவின் செருப்பும் அத்தையின் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன; கரண்ட் இல்லாமல் உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.